வருத்தத்துக்கும் பெயர் உண்டு, வருத்தக்காரருக்கும் பெயர் உண்டு

கீரிமலைக்கு அப்பெயர் வந்த கதை எமது ஊர்ப் பிள்ளைகளுக்கும் தெரியும். கீரி முகத்தோடு வாழ்ந்த நகுல முனிவர் இங்குள்ள தீர்த்தத்தில் நீராடித் தவமிருந்து மனித முகம் பெற்றார் என்பது ஐதிகம். குன்ம நோயாலும் குதிரை முகத்தாலும் துன்புற்ற மாருதப்புரவீகவல்லி என்னும் சோழ இளவரசி இதே தீர்த்தத்தில் நீராடிக் குணமடைந்தாள் என்றும், குதிரை முகம் நீங்கியதால் 'மா விட்ட புரம்' என்ற பெயர் அயலூருக்கு வந்தது என்றும் சொல்வர். இருவருக்கும் நோய் நீங்கியது. ஆயினும் நகுலம் என்றால் கீரி; முனிவர் இன்றுவரை நகுல முனிவர்தான். நீங்கிப்போன முகமே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

ஐதிகத்தில் குறை காண்பது எமது நோக்கமல்ல. ஒருவருக்கு வந்த நோயை அவருடைய பெயராக்கிவிடும் பழக்கம் எமது மண்ணில் எவ்வளவு பழையது என்பதை நினைவூட்டவே இதைச் சொல்கிறோம். காலை இழுத்து நடப்பவருக்கு ஒரு பட்டம், பார்வை குறைந்தவருக்கு ஒரு பட்டம், திக்கிப் பேசுபவருக்கு ஒரு பட்டம் என்று எமது கிராமங்களில் இன்றும் வழங்கி வருகிறோம். அவர்களுடைய வீட்டைத் தேடி வருபவரும் அந்தப் பட்டத்தைச் சொன்னால்தான் வழி காட்டுவார்கள். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் விதானையாருக்கும் தபாற்காரருக்கும் மாத்திரம் தெரிந்ததாக இருக்கும்.

சுகாதார சேவையிலும் வேலைத்தலங்களிலும் மனிதரை முன்வைத்துப் பேசும் மொழி வேண்டும் என்ற கருத்து இப்போது உலகெங்கும் வலியுறுத்தப்படுகிறது. பயிற்சிப் பட்டறைகளில் அதற்கான சொற்பட்டியல்களும் வழங்கப்படுகின்றன. அவற்றிற் பல ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டுத் தமிழுக்கு மாற்றப்பட்டவை. எமது மொழியில் இந்தப் பிரச்சினை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

கிளினிக்கில் கேட்பவை

விடியற்காலையில் வந்து நம்பர் எடுத்து, வாங்கிலில் காத்திருக்கும் முதியவர்களின் காதில் விழுவதென்ன? "சலரோகக்காரர் இந்தப் பக்கம் வாங்கோ, பிறஷர்காரர் அந்தப் பக்கம் போங்கோ." வாட்டுக்குள்ளே, "பன்னிரண்டாம் கட்டில் இன்னும் சாப்பிடவில்லை." நோயாளி கேட்கும் தூரத்தில் நின்று அவருடைய மகளிடம், "இது மருந்து குடிக்குதில்லை." எழுபது வயது மூதாட்டியிடம் இருபத்தைந்து வயதுப் பணியாளர், "இஞ்சை வா, கையை நீட்டு."

இவற்றை ஒரு வைத்தியசாலையின் குறையாக நாம் சொல்லவில்லை. அரச வைத்தியசாலையிலும் கேட்கலாம், காசு கட்டிப் போகும் இடத்திலும் கேட்கலாம். இப்படிப் பேசுபவர்களிற் பலர் ஆள்பற்றாக்குறைக்கு நடுவே இரவு பகலாக உழைப்பவர்கள். அவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை. எண்ணம் இல்லாமலே நாவில் வருவதுதான் பழக்கம். அதனால்தான் அதைப்பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

சொல்லுக்குப் பயந்து ஒளிக்கும் நோய்

"ஒரு சொல்லில் என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்கள் தொழுநோயின் வரலாற்றைப் பார்க்கட்டும். தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய ஒரு படை தோன்றும்போதே காட்டினால் ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருட மருந்தில் முற்றாகக் குணமாகும் நோய் இது. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை இலங்கைக்கும் வந்தது, மருந்து இலவசம். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எமது நாடு 1995இல் எட்டியது. ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். கை விரல் மடங்கிய பின்னர், காலில் ஆறாத புண் வந்த பின்னர் வருபவர்களும் அவர்களுள் உண்டு. தோலில் உள்ள படையை அவர்கள் காணாமல் இருந்ததில்லை. 'குட்டரோகி' என்ற சொல்லுக்குப் பயந்து சட்டைக் கையை இறக்கி விட்டார்கள். ஐக்கிய நாடுகள் சபை 2010இல் ஏற்றுக்கொண்ட, தொழுநோயால் பாதிக்கப்பட்டோருக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் கோட்பாடுகளில், இழிவுபடுத்தும் சொற்களை அரச வெளியீடுகளிலிருந்து நீக்க வேண்டும் என்பதும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதற்குக் காரணம் இதுதான்.

கசநோய்க்கும் இதே கதிதான். வலிப்புக்கும் இதே கதிதான். மனநோயைப்பற்றிச் சொல்லவே வேண்டாம். தெற்கில் அங்கொடை என்ற ஊர்ப் பெயரும், வடக்கில் மந்திகை என்ற ஊர்ப் பெயரும் நையாண்டிச் சொற்களாகிவிட்டன. வைத்தியசாலை இருந்த பாவத்துக்காக ஓர் ஊரே வசைச்சொல்லாகும்போது, அங்கே மருந்துக்குப் போகிறவர் எப்படி வெளியே சொல்வார்? ஊரார் 'விசர்' என்று சொன்ன நிலையைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற எமது உளமருத்துவர்கள் 'மனவடு' என்று சொன்னபோது அதில் ஒரு பெரிய மாற்றம் இருந்தது. விசர் என்பது ஆளின் குற்றம்போல ஒலிக்கிறது. வடு என்பது காயம் பட்டதன் அடையாளம். காயத்துக்குக் காரணம் வெளியே இருக்கிறது. காயத்துக்கு மருந்தும் இருக்கிறது.

ஜப்பானிய அனுபவம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நாம் 'மனச்சிதைவு' என்று சொல்லும் நோய்க்கு அங்கும் 'மனம் பிளந்த நோய்' என்ற பொருள்தரும் பெயரே இருந்தது. நோயாளரின் குடும்பத்தவர்கள் அமைத்த சங்கம் அப்பெயரை மாற்றுமாறு 1993இல் கோரியது. 2002இல் உளமருத்துவர்களின் சங்கம் 'ஒருங்கிணைப்புக் குலைவு' என்ற பொருள்தரும் புதிய பெயரை ஏற்றது. பெயர் மாறிய ஆண்டில் தமது நோய் இன்னதென்று வைத்தியரால் அறிவிக்கப்பட்ட நோயாளர்கள் நூற்றுக்கு 37 பேர் அளவில் இருந்தனர். இரண்டு ஆண்டுகளில் அது ஏறத்தாழ 70 ஆக உயர்ந்தது. பழைய பெயரை நோயாளியின் முகத்துக்கு நேரே சொல்ல வைத்தியர்களே கூசியிருக்கிறார்கள். மருந்து மாறவில்லை, பெயர்தான் மாறியது. அதனால் நோயாளர்கள் தம் நோயைத் தாமே அறியும் உரிமை பெற்றார்கள்.

ஆங்கில விதி எமக்குப் போதாது

அறிவு வளர்ச்சியில் தடை உள்ளவர்கள் 1974இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் கூடி, தாம் முதலில் மனிதர்கள் என்று அறிவித்து, அதையே தம் இயக்கத்தின் பெயராக்கினார்கள். 1983இல் டென்வர் நகரில் கூடிய எயிட்ஸ் நோயுள்ளவர்கள், தம்மைப் 'பலியானவர்கள்' என்று அழைக்க வேண்டாம் என்றார்கள். இவற்றிலிருந்துதான் 'மனிதர் முன்னே, நோய் பின்னே' என்ற ஆங்கில விதி பிறந்தது. அம்மொழியில் மனிதரைக் குறிக்கும் சொல்லை முன்னே வைத்து, நோயைப் பின்னே சொல்ல முடியும்.

தமிழில் அந்த விதி செல்லாது. 'நீரிழிவுக்காரர்' என்றாலும் 'நீரிழிவு உள்ளவர்' என்றாலும் நோய்தான் முன்னே வரும். அது எமது இலக்கணம். அப்படியானால் எமது மொழியில் மரியாதை எங்கே இருக்கிறது? மூன்று இடங்களில் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

முதலாவது, 'காரன்', 'காரி', 'காரர்' என்ற ஒட்டு. தோட்டக்காரர், கடைக்காரர், மீன்காரர் என்று ஒருவருடைய தொழிலைச் சொல்ல அது நல்ல ஒட்டு. அதையே நோயோடு சேர்க்கும்போது நோய் அவருடைய தொழிலாகிவிடுகிறது. நாள் முழுதும் அவர் செய்வது அது ஒன்றுதான் என்றாகிறது. சலரோகம் உள்ள ஒருவர் ஆசிரியராக இருக்கலாம், நல்ல மேசனாக இருக்கலாம், ஐந்து பேரப்பிள்ளைகளின் அப்புவாக இருக்கலாம். 'சலரோகக்காரர்' என்ற சொல் இவை அனைத்தையும் மூடிவிடுகிறது.

இரண்டாவது, முன்னிலை. 'வா', 'வாரும்', 'வாங்கோ' என்று மூன்று படிகளை யாழ்ப்பாணத்துப் பேச்சு வைத்திருக்கிறது. நீ, நீர், நீங்கள். எந்தப் படியில் ஒருவரை இருத்துகிறோம் என்பது வாய் திறந்த உடனேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, படர்க்கை. அவன், அவர் என்பதோடு 'அது' என்றும் ஒன்று இருக்கிறது. கைக்குழந்தையை 'அது பால் குடிச்சிட்டுதோ?' என்று கேட்பதில் கொஞ்சல் இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் முதியவரை, மனநோய் உள்ள பெண்ணை, பேச முடியாத இளைஞரை 'அது' என்னும்போது அவர்கள் அஃறிணை ஆகிவிடுகிறார்கள். உயர்திணை, அஃறிணை என்று பிரித்து வைத்த மொழி எமது மொழி. ஒரு மனிதரைத் திணை மாற்றிப் பேசுவதைவிடப் பெரிய அவமதிப்பு அதில் ஏது?

புதிய பெயர்கள் மட்டும் போதுமா?

எமது கவனம் பெரும்பாலும் பெயர்ச்சொற்களிலேயே நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டு அரசு 2010இல் 'ஊனமுற்றோர்' என்ற சொல்லை நீக்கி 'மாற்றுத்திறனாளிகள்' என்ற சொல்லைக் கொண்டுவந்தது. இங்கும் அங்கவீனர், வலுவிழந்தோர், விசேட தேவையுடையோர், மாற்றுவலுவுள்ளோர் என்று சொற்கள் மாறி மாறி வந்துள்ளன. இம்முயற்சிகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் 'மாற்றுத்திறனாளி வந்திருக்கிறான், அங்கால இருக்கச் சொல்லு' என்றால் அந்த அழகான சொல்லால் என்ன பயன்? பெயர்ச்சொல் கொடுத்த மரியாதையை வினைமுற்று பறித்துவிட்டது.

புகழ்ச்சியும் மரியாதை ஆகாது. இந்தியப் பிரதமர் 2015இல் உடற்குறை உள்ளவர்களைத் 'தெய்வீக உறுப்புடையோர்' என்ற பொருள்படும் இந்திச் சொல்லால் அழைக்குமாறு கூறியபோது, அங்குள்ள உடற்குறை உள்ளோர் அமைப்புகளே மறுப்புத் தெரிவித்தன. தமக்குத் தெய்வீகம் வேண்டாம், படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளமும் வேலையும் வேண்டும் என்பதே அவர்களுடைய நிலைப்பாட்டின் சாரம்.

பெயர்ச்சொல்லும் வினைமுற்றும் சேர்ந்து மாறுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு எமது கையிலேயே இருக்கிறது. பழைய தமிழ் வேதாகமத்தில் குஷ்டரோகி, திமிர்வாதக்காரன், குருடன் என்று இருந்த இடங்களில், 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு தொழுநோயாளர், முடக்குவாதமுற்றவர், பார்வையற்றவர் என்று எழுதியது. அதோடு நில்லாமல், வழியோரத்தில் இருந்து பிச்சை கேட்ட பர்த்திமேயுவைப்பற்றிச் சொல்லும்போது 'ஆன்' என்ற ஈற்றை 'ஆர்' என்று மாற்றியது. பிச்சை கேட்பவருக்கும் 'ஆர்' உண்டு என்பதை அந்த ஓர் எழுத்து கற்பித்தது.

மருத்துவத்தில் மொழிக்கு உள்ள இடத்தை உணர்ந்தவர்கள் எமது மண்ணில் முன்னரும் இருந்தார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்' போன்ற நூல்கள் அம்முயற்சியின் பயன்கள். நோயாளியின் மொழியில் வைத்தியர் பேச வேண்டும் என்பது அன்றைய தேவை. அந்த மொழிக்குள் நோயாளிக்கு உரிய மரியாதையும் இருக்க வேண்டும் என்பது இன்றைய தேவை.

வேலைத்தலத்தில்

எமது சமூகத்தில் ஒருவரை எப்படி விளிப்பது என்பதை வயது மட்டும் தீர்மானித்ததில்லை, சாதியும் தீர்மானித்தது. கள் இறக்குபவர், துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், கூலிக்குத் தோட்டம் கொத்துபவர் ஆகியோர் எழுபது வயதைக் கடந்திருந்தாலும், வீட்டுக்காரரின் பத்து வயதுப் பிள்ளை அவர்களைப் பெயர் சொல்லி 'நீ' என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1968இல், கீரிமலைக்கு அயலிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கோரிப் போராட வேண்டியிருந்தது. சட்டமும் போராட்டமும் வாசல்களைத் திறந்தன. ஆனால் அந்த 'நீ' முற்றாக மறையவில்லை. பல இடங்களில் அது வீட்டு முற்றத்திலிருந்து வேலைத்தலத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டது.

அலுவலகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் 'நீங்கள்' என்பார்கள். கழிவறை கழுவும் அம்மாவை மாத்திரம் 'நீ' என்பார்கள். கடையில் ஐம்பது வயதைத் தாண்டியவரும் 'பொடியன்'தான். அவருக்குக் கொடுக்கும் சம்பளமும் பொடியனுக்குக் கொடுக்கும் சம்பளமாகவே இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. சொல்லுக்கும் சம்பளத்துக்கும் தொடர்பு உண்டு. சிறியவன் என்று அழைக்கப்படுபவனுக்குச் சிறிய கூலி போதும் என்று மனம் தானாகவே கணக்குப் போடுகிறது.

உடற்குறை உள்ளவர்களுக்கு அரச வேலைவாய்ப்பில் 3 சதவீதம் ஒதுக்க வேண்டும் என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. 1996இல் அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஐக்கிய நாடுகள் சபையின் உரிமைச் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இத்தனையும் இருக்க, 'பாவம் எண்டு ஒரு வேலை குடுத்தனாங்கள்' என்ற பேச்சையே கேட்கிறோம். உரிமையாகக் கிடைத்த வேலை 'பாவம்' என்ற ஒரு சொல்லால் பிச்சையாகிவிடுகிறது.

2009க்குப் பின்னர் புனர்வாழ்வு நிலையங்களுக்குச் சென்று திரும்பிய ஏறத்தாழ 12,000 பேரின் நிலையும் இதுவே. தச்சுத் தொழில் தெரிந்தவராக, கணக்குத் தெரிந்தவராக வேலை கேட்டு வரும் ஒருவர், 'புனர்வாழ்வு' என்ற சொல்லோடுதான் அறிமுகப்படுத்தப்படுகிறார். அபிவிருத்தி நிறுவனங்களின் கோப்புகளிலும் 'பயனாளி', 'இலக்குக் குழு', 'பெண் தலைமைக் குடும்பம்' என்பனவற்றுக்குள் மனிதர்கள் மறைந்துபோகிறார்கள். கிணற்றை வெட்டியவர்களும் அந்தப் பெண்கள்தான். அறிக்கையில் அவர்கள் கிணற்றைப் பெற்றவர்கள்.

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையங்களில் பல ஆண்டுகள் வாழ்ந்து, காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோது திரும்பி வந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்வு அவர்களுக்கு நேர்ந்த ஒரு நிகழ்வு. 'முகாம் சனம்' என்பது மற்றவர்கள் சூட்டிய பெயர். நிகழ்வு முடிந்த பின்னரும் பெயர் முடியவில்லை.

சில மறுப்புகள்

"மருந்து இல்லாத இடத்தில் மரியாதை எதற்கு?" என்று சிலர் கேட்பர். மருந்துக்கும் மருத்துவருக்கும் ஆன கோரிக்கையை இனிய சொல்லைக் காட்டிக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் மரியாதையற்ற சொல்லுக்குப் பயந்து வராமல் நிற்பவருக்கு மருந்து இருந்தும் பயனில்லை.

"நேரம் இல்லை" என்பது அடுத்த மறுப்பு. 'வாங்கோ' என்பதற்கு 'வா' என்பதைவிட எவ்வளவு நேரம் அதிகம் வேண்டும்? கட்டில் இலக்கத்தைவிடப் பெயரைக் கேட்பது பாதுகாப்பும் கூட. நோயாளியை இனங்காணப் பெயர், பிறந்த திகதி போன்ற இரண்டு அடையாளங்களாவது வேண்டும், அறை இலக்கம் அவற்றில் ஒன்றாக இருக்கக்கூடாது என்று 2007இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. ஆட்கள் கட்டில் மாறிப் படுப்பார்கள், பெயர் மாறாது.

"அம்மாவையும் கடவுளையும் 'நீ' என்கிறோமே, 'நீ' என்பதில் அன்பு இல்லையா?" என்பது நியாயமான கேள்வி. அன்பு உண்டு. அதை அளக்க ஓர் எளிய வழியும் உண்டு. நாம் 'நீ' என்று அழைப்பவர் எம்மைத் திருப்பி 'நீ' என்று அழைக்கலாமா? அழைக்கலாமென்றால் அது உறவு. அழைத்தால் கோபம் வருமென்றால் அது அதிகாரம்.

நாம் செய்யக்கூடியவை

1. வயது வந்த எவரையும் 'நீங்கள்' என்றே அழைப்போம். நோயாளிக்கும், நோயாளியின் கட்டிலைத் துடைப்பவருக்கும் இது பொருந்தும். ஒரு வாட்டில் பணியாளர்கள் தமக்குள் பேசும் மொழியே நோயாளியிடமும் பேசப்படும்.

2. "உங்களை எப்படிக் கூப்பிட?" என்று கேட்போம். ஒருவருக்கு 'ஆச்சி' என்பது இனிக்கும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் 'ரீச்சர்' என்பதை விரும்பலாம். காதுகேளாதோரிலும் பார்வையற்றோரிலும் சிலர் அந்த அடையாளத்தை மறைக்காமல் முதலில் சொல்லவே விரும்புகிறார்கள். தீர்மானிக்க வேண்டியவர் அவரே.

3. வரிசையில் நிற்பவரைப் பெயராலோ இலக்கத்தாலோ அழைப்போம். நோயின் பெயரால் அழைக்க வேண்டாம். 'சலரோகக்காரர்' என்பதற்குப் பதிலாக 'சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்' என்போம்.

4. நோயாளி முன்னே இருக்கும்போது அவரைத் தாண்டி உறவினரோடு பேச வேண்டாம். அவரிடமே கேட்போம், தேவையானால் உறவினர் உதவட்டும்.

5. கடிதங்களிலும் கூட்ட அறிக்கைகளிலும் ஒருவருடைய தொழிலையும் பெயரையும் முதலில் எழுதுவோம். உதவி பெற்றதை எழுதும் அதே பக்கத்தில் அவர் செய்த வேலையையும் எழுதுவோம்.

இவற்றுக்கு நன்கொடையாளர் தேவையில்லை. திட்ட அறிக்கை தேவையில்லை. கொழும்பிலிருந்து சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாதர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் சுகாதாரத் தொண்டர்களும் தத்தம் இடங்களில் கூடி, தமது பேச்சில் உள்ள சொற்களை ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும். நோயாளரையும் தொழிலாளரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைத்து, எந்தச் சொல் குத்துகிறது என்று அவர்களிடமே கேட்கட்டும். அடுத்த கிளினிக் நாளில் வாங்கிலில் இருக்கும் ஆச்சியை யார் முதலில் பெயர் சொல்லி, "வாங்கோ, இருங்கோ" என்று அழைக்கப் போகிறார்கள் என்பதையும் அந்தக் கூட்டத்திலேயே முடிவு செய்யட்டும்.